இரவு 10 மணிக்கு யார் பாத்திரம் கழுவுவது?

இரவு உணவு முடிந்ததும் ஒரு வீட்டில் கேட்கும் சத்தங்களை வைத்தே, அங்கே இன்னும் உட்காராமல் இருப்பவர் யார் என்று சொல்லிவிடலாம். வரவேற்பறையில் தொலைக்காட்சித் தொடர் ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் கைப்பேசியோடு அறைக்குள் போயிருப்பார்கள். பின்கட்டு அடுப்பங்கரையில் மட்டும் குழாய்த் தண்ணீர் விழும், கரண்டி உரசும், குண்டான் கவிழும். அந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரர் பெரும்பாலும் அம்மாதான்.

இந்த வேலைக்கு ஓர் இயந்திரம் இருக்கிறது என்பது யாருக்கும் புதிய செய்தி அல்ல. சிரம்பானில் பெரிய மின்சாதனக் கடைகளுக்குப் போனால், துணி துவைக்கும் இயந்திரங்களுக்குப் பக்கத்திலேயே பாத்திரம் கழுவும் இயந்திரங்களும் நிற்கின்றன. சில வீடுகளில் அது பல ஆண்டுகளாகவே இருக்கிறது. ஆனால் கதவைத் திறந்து பார்த்தால் உள்ளே தீபாவளி முறுக்கு டின்னும், மூடி தொலைந்த பிளாஸ்டிக் டப்பாக்களும், யாரோ கல்யாணத்தில் கொடுத்த கண்ணாடிக் குவளைகளும் இருக்கும். ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுத்து வாங்கிய சாமான், ஓர் அலமாரியாக ஓய்வு பெற்றுவிட்டது.

ஏன் என்று கேட்டால் இரண்டு பதில்கள்தான் வரும். ஒன்று, "சத்தம் தாங்க முடியல." இன்னொன்று, "சரியா கழுவ மாட்டேங்குது." இரண்டும் நியாயமான புகார்கள். ஆனால் இரண்டுமே பெரும்பாலும் பழைய இயந்திரங்களைப் பற்றியவை. கடந்த 15 ஆண்டுகளில் இந்தச் சாதனத்தில் அதிகம் மாறியிருப்பதும் இந்த இரண்டும்தான். அது ஏன் முக்கியம் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. சத்தம் போடும் இயந்திரத்தை வீட்டில் யாரும் ஓட்டுவதில்லை. ஓட்டாத இயந்திரத்தின் வேலை, சொல்லாமல் கொள்ளாமல் அம்மாவின் கைக்கே திரும்பி வந்துவிடுகிறது.

பைப்படியிலிருந்து பின்கட்டுக்கு

என் பெற்றோர் வீடு ரந்தாவில் இருக்கிறது. லின்சம், கொம்போக் என்று ரந்தாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்த தலைமுறைக்குப் பாத்திரம் கழுவுவது என்றால் நினைவுக்கு வருவது பைப்படிதான். லயத்து வீடுகளுக்குப் பொதுவாக ஒரு குழாய். விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால்மரம் சீவி, பால் நிறுத்துவிட்டு வீடு திரும்பிய பெண்கள், அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாருமாக அங்கே குந்தி உட்காருவார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயம் போய்த் தாமான் வீடு வந்தது. குழாய் வீட்டுக்குள் வந்தது. குந்தியிருந்தவர் நின்றுகொண்டு கழுவினார். கழுவும் ஆள் மட்டும் மாறவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் கழுவும் இயந்திரம் வந்தது அக்கா வழியாக. கோலாலம்பூரில் அவர் கொண்டோ மாறியபோது, 2000-களின் பிற்பகுதியில் வாங்கிய பழைய இயந்திரம் லோரி ஏறி ரந்தாவுக்கு வந்து சேர்ந்தது. பொத்தானை அழுத்தியதும் அது ஒரு முறை உறுமும். பிறகு நெல் அரைக்கும் மில் மாதிரி ஒரு மணி நேரம் விடாது. வரவேற்பறைத் தொலைக்காட்சியின் ஒலி அளவை 18-லிருந்து 30-க்கு ஏற்றினால்தான் செய்தி காதில் விழும். அப்பா கதவைச் சாத்துவார். கடைசியில் தட்டை எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் பருப்பு காய்ந்து ஒட்டியிருக்கும்.

"இதுக்கு நானே கழுவிட்டுப் போயிடறேன்" என்று அம்மா சொல்ல இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதன் பிறகு அந்த இயந்திரத்துக்குள் ஊறுகாய் பாட்டில்கள் குடியேறின.

அம்மாவின் விரலிடுக்குகளில் தோல் வெடிக்க ஆரம்பித்தபோதுதான் இந்தப் பேச்சு மறுபடியும் எழுந்தது. நாள் முழுக்கச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறும் கைகளுக்கு வரும் தோல் அழற்சி அது. களிம்பு கொடுத்த மருத்துவர், தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் கை படுவதைக் குறைத்தால்தான் ஆறும் என்றார். ரப்பர் கையுறை இரண்டு நாள் தாங்கியது. பழைய இயந்திரத்தை மாற்றிப் புதியது வாங்குவது என்ற முடிவு அப்படித்தான் வந்தது.

ஓட்டலுக்குப் போன கண்டுபிடிப்பு

இந்த இயந்திரத்தின் வரலாறும் ஒரு பெண்ணிடமிருந்துதான் தொடங்குகிறது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஷெல்பிவில் என்ற சிறு நகரில் வாழ்ந்தவர் ஜோசபின் காக்ரேன். பரம்பரையாக வந்த பீங்கான் தட்டுகள் கழுவும்போது உடைந்து, விளிம்பு பெயர்ந்து போவது அவருக்குப் பொறுக்கவில்லை. 1883-இல் கணவர் இறந்து, கடன் மட்டும் மிஞ்சியபோது, மனதிலிருந்த யோசனையைக் கையில் எடுத்தார். தட்டுகளின் அளவுக்கேற்ற கம்பித் தட்டிகள். அவற்றின் மேல் பீய்ச்சியடிக்கும் சவர்க்கார வெந்நீர். 1886 டிசம்பர் 28-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1893-இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் அவருடைய இயந்திரங்கள் வைக்கப்பட்டன.

ஆனால் வாங்கியவர்கள் ஓட்டல்காரர்கள். வீடுகள் வாங்கவில்லை. விலை அதிகம், இயந்திரம் பெரியது, அவ்வளவு வெந்நீர் வீட்டில் கிடையாது. சம்பளம் கொடுத்து ஆள் வைத்துக் கழுவிய இடத்தில் இயந்திரத்தின் லாபம் உடனே கணக்கில் தெரிந்தது. சம்பளமே இல்லாமல் கழுவப்பட்ட வீடுகளில் அந்த லாபத்தைக் கணக்குப் பார்க்க யாருமில்லை. காக்ரேன் 1913-இல் காலமானார். அவர் தொடங்கிய நிறுவனம் பின்னர் ஹோபார்ட் நிறுவனத்தின் கைக்குப் போய், அங்கிருந்து 'கிச்சன்எய்ட்' என்ற பெயரில் வீடுகளை எட்ட 1949 ஆனது.

சத்தத்தை எண்ணால் பார்ப்பது

வானொலியில் வேலை செய்பவர்களுக்குச் சத்தம் என்பது சோறு போடும் விஷயம். குளிர்சாதனத்தின் முனகல்கூட ஒலிவாங்கியில் விழுந்துவிடும் என்பதால், எந்த ஓசை எவ்வளவு என்று பார்ப்பதே எங்களுக்குப் பழக்கம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் அட்டையில் எழுதியிருக்கும் டெசிபல் எண்ணையும் அப்படிப் பார்க்கப் பழகினால் கடையில் ஏமாற வேண்டியதில்லை.

டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு கூடுகிறது. நம் காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். 3 டெசிபல் கூடினாலே ஆற்றல் இரட்டிப்பாகிவிடும். பழைய இயந்திரம் 60 டெசிபல், புதியது 45 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். "15 தானே வித்தியாசம்" என்று நினைக்கக்கூடாது. புதியது வெளியிடும் ஒலி ஆற்றல் பழையதில் 30-இல் ஒரு பங்குதான். காதுக்கு மூன்றில் ஒரு பங்குபோல் கேட்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் 1 முதல் இந்த இயந்திரங்களின் மின்சக்தி அட்டையில் சத்தத்துக்கும் தனி எழுத்து உண்டு. 39 டெசிபலுக்குக் கீழே இருந்தால் ஏ. 39-லிருந்து 45-க்குள் பி. 45-லிருந்து 51-க்குள் சி. 51-ம் அதற்கு மேலும் டி. நம் கடைகளில் விற்கும் ஐரோப்பிய இயந்திரங்கள் சிலவற்றில் இந்த அட்டை ஒட்டியிருக்கும். இல்லாவிட்டாலும் கையேட்டில் எண் இருக்கும். இந்த எண் இயந்திரம் மொத்தமாக வெளியிடும் ஒலியின் அளவு. உங்கள் காதில் எவ்வளவு விழும் என்பது சமையலறைக் கதவையும் தூரத்தையும் பொறுத்தது. ஆகவே ஓர் இயந்திரத்தை இன்னொன்றோடு ஒப்பிட மட்டுமே இந்த எண்ணைப் பயன்படுத்துங்கள்.

பழையது ஏன் அப்படிக் கத்தியது? ஒரே வேகத்தில் ஓடும் மோட்டார். நிறையத் தண்ணீரை ஒரே நேரத்தில் மேலும் கீழும் அடிக்கும் கைகள். அதிர்வைத் தடுக்க எதுவுமில்லாத மெல்லிய சுவர்கள். சில பழைய வகைகளில், குறிப்பாக அமெரிக்க இயந்திரங்களில், உணவுத் துணுக்குகளை அரைத்துத் தள்ளும் பிளேடும் அடியில் சுற்றும். புதிய இயந்திரங்களில் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும், கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் இருக்கிறது. மேல் தட்டுக்கும் கீழ் தட்டுக்கும் மாறி மாறித் தண்ணீர் போகிறது. எஃகுத் தொட்டியைச் சுற்றித் தார்ப் பட்டைகளும் பஞ்சுறையும் ஒட்டப்பட்டிருக்கின்றன. அரைக்கும் பிளேடு போய், அதன் இடத்தில் வடிகட்டி வந்திருக்கிறது. அந்த வடிகட்டியை நாம் கையால் கழற்றிக் கழுவ வேண்டும். அமைதிக்கு நாம் கொடுக்கும் சின்ன விலை அது.

சாம்பலும் ஊறலும் சொன்ன பாடம்

இனி இரண்டாவது புகார். புதியது நன்றாகக் கழுவுகிறதென்றால் எப்படி? சத்தம் குறைந்தால் வேகம் குறைந்தது என்றுதானே பொருள்?

ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தில் வேலை செய்த ஹெர்பர்ட் சின்னர் என்ற வேதியியலாளர் 1959-இல் இதற்கு ஓர் எளிய விளக்கம் கொடுத்தார். எந்த அழுக்கும் நான்கு காரணங்களால்தான் போகிறது: மருந்து, சூடு, தேய்ப்பு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்ட வேண்டும். நம் பாட்டிமார்களுக்கு இது தெரியாத விஷயமல்ல. அடுப்புச் சாம்பல் காரத்தன்மை உள்ளது. எண்ணெயை அது சவர்க்காரம்போல் கரைக்கும். அது மருந்து. வெந்நீர் சூடு. தேங்காய் நார் தேய்ப்பு. அடிப்பிடித்த குண்டானில் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க வைத்தார்களே, அது நேரம்.

இன்றைய இயந்திரத்தின் 'ஈகோ' புரோகிராம் மூன்று, நான்கு மணி நேரம் ஓடுவதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். தண்ணீரையும் சூட்டையும் குறைத்து, ஊறும் நேரத்தைக் கூட்டியிருக்கிறார்கள். "இவ்வளவு நேரமா?" என்று பதறி 30 நிமிடப் புரோகிராமைப் போட்டுவிட்டு, "கழுவவில்லை" என்று குறை சொல்லக்கூடாது. இரவு படுக்கப் போகும்முன் போட்டால் நான்கு மணி நேரம் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இரவில் போட வேண்டுமானால் இயந்திரம் அமைதியாக இருந்தாக வேண்டும். சத்தமும் சுத்தமும் ஒன்றோடொன்று சேரும் இடம் இதுதான். சத்தமில்லாததால் நீண்ட நேரம் ஓட்ட முடிகிறது. நீண்ட நேரம் ஓடுவதால் நன்றாகக் கழுவுகிறது.

மருந்தும் மாறிவிட்டது. முன்பு இயந்திரத் தூள்களில் பாஸ்பேட் இருந்தது. ஆறு, ஏரிகளில் பாசி பெருகக் காரணம் என்பதால் 2010 ஜூலையில் அமெரிக்காவின் 16 மாநிலங்கள் அதைத் தடுத்தன. 2017 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியமும் கட்டுப்படுத்தியது. இப்போதைய மாத்திரைகளில் என்சைம்கள் வேலை செய்கின்றன. ஒரு வகை புரதத்தை உடைக்கும்: முட்டை, பருப்பு, மீன். இன்னொரு வகை மாவுச்சத்தை உடைக்கும்: சோறு, இட்லி மாவு, உருளைக்கிழங்கு. அவை தின்று தீர்க்கக் கொஞ்சம் நேரமும் மிதமான சூடும் வேண்டும். பழைய இயந்திரங்கள் இந்த மருந்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

கழுவி வைத்துப் பிறகு கழுவுவதா?

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. தட்டைக் குழாயில் நன்றாக அலசி, கிட்டத்தட்டக் கழுவியே முடித்துவிட்டு, அதன் பிறகு இயந்திரத்தில் அடுக்குவோம். இதனால் இரண்டு நஷ்டம். தண்ணீர் வீணாவது ஒன்று. இன்னொன்று, புதிய இயந்திரங்கள் பலவற்றில் தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று ஒளியால் பார்க்கும் உணர்கருவி இருக்கிறது. தானியங்கிப் புரோகிராமில் தட்டெல்லாம் முன்பே சுத்தமாக இருந்தால், "அழுக்கு குறைவு" என்று முடிவு செய்து அது வேலையைக் குறைத்துக்கொள்ளும். அதே சுமையில் இருக்கும் எண்ணெய்க் கடாய் அரைகுறையாக வெளியே வரும். மீன் முள், கறிவேப்பிலை, மிச்சச் சோறு ஆகியவற்றை வழித்துப் போட்டால் போதும். அலச வேண்டாம்.

தண்ணீர்க் கணக்கையும் சொல்லிவிடலாம். ஜெர்மனியில் போன் பல்கலைக்கழகத்தில், ஏழு ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த 113 பேரை 12 பேர் சாப்பிட்ட அளவு பாத்திரங்களைக் கையால் கழுவச் சொல்லிப் பார்த்தார்கள். சராசரியாக ஆளுக்கு 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் செலவானது. இன்றைய முழு அளவு இயந்திரம் ஈகோ புரோகிராமில் சுமார் 10 லிட்டர் எடுக்கிறது. உங்கள் வீட்டுக் கணக்கு தெரிய வேண்டுமானால், குழாயின் கீழ் ஒரு வாளியை ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். பிறகு அம்மா எத்தனை நிமிடம் குழாயைத் திறந்து வைத்துக் கழுவுகிறார் என்று பெருக்கிப் பாருங்கள்.

ஆனால் மின்சாரம் மிச்சமாகும் என்று கடைக்காரர் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். ஐரோப்பியர்கள் கையால் கழுவுவதும் வெந்நீரில்தான். அதனால் அவர்களுக்கு மிச்சம். நாம் குழாய்த் தண்ணீரில் கழுவுகிறோம். நமக்கு இயந்திரம் கூடுதல் செலவுதான். ஈகோ புரோகிராமில் ஒரு முறைக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம் போகும். மாத்திரைச் செலவு அதைவிட அதிகமாக இருக்கும். இதற்குப் பதிலாகக் கிடைப்பது தண்ணீரும், நேரமும், ஒருவருடைய கையும்.

மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை

வீட்டிலிருக்கும் பழைய இயந்திரத்தை உடனே தூக்கிப் போடத் தேவையில்லை. முதலில் இவற்றைப் பாருங்கள்.

அடியிலுள்ள வடிகட்டியைக் கழற்றிப் பழைய பல் துலக்கியால் தேயுங்கள். பல வீடுகளில் வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். தண்ணீர் அடிக்கும் கைகளின் துளைகளில் கடுகும் மிளகாய் விதையும் அடைத்திருக்கும், பல்குச்சியால் எடுங்கள். கை சுற்றும்போது உயரமான கரண்டியோ குண்டானோ இடிக்கிறதா என்று பாருங்கள். "டக், டக்" என்ற சத்தத்துக்குப் பாதி நேரம் அதுதான் காரணம். எலும்புத் துண்டோ எலுமிச்சை விதையோ பம்பில் சிக்கினாலும் அது உறுமும். கடைசியாக, இயந்திரம் காலியாக இருக்கும்போது அதற்கென விற்கும் சுத்திகரிப்பானைப் போட்டு, மிகச் சூடான புரோகிராமில் ஒரு முறை ஓட்டுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் அடியில் தண்ணீர் கசிந்தாலோ, இரும்பை அரைப்பதுபோல் சத்தம் வந்தாலோ, மோட்டாரும் அதன் அடைப்பும் தேய்ந்திருக்கலாம். இயந்திரத்துக்கு 10 வயது தாண்டி, பழுதுபார்க்கும் செலவும் புதியதின் விலையில் பாதியை நெருங்கினால் மாற்றுவதே மேல். எங்கள் வீட்டு இயந்திரம் இந்தச் சோதனை எல்லாவற்றிலும் தோற்ற பிறகுதான் வெளியேறியது.

கடைக்குப் போகும்போது

"ஆன்ட்டி, இது சத்தமே இல்ல லா" என்று விற்பனையாளர் சொல்வார். எத்தனை டெசிபல் என்று கேளுங்கள். சமையலறையும் வரவேற்பறையும் ஒன்றாக இருக்கும் கொண்டோ வீட்டுக்கு 44-க்குள் இருப்பது நல்லது. பின்கட்டில் கதவு வைத்த அடுப்பங்கரை இருக்கும் தாமான் வீட்டுக்கு 48 வரை போகலாம். மீதிப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

அடுத்து அளவு. 60 சென்டிமீட்டர் அகலமுள்ளதில் 13, 14 பேர் தட்டுகள் வைக்கலாம் என்பார்கள். 45 சென்டிமீட்டரில் 9, 10 பேருக்கு. இது தட்டையான ஐரோப்பியத் தட்டுகளின் கணக்கு. ஒரு குண்டானும் ஒரு கடாயும் உள்ளே போனால் நான்கு பேர் இடம் காலி. மேல் தட்டை உயர்த்தவும், கீழ்க் கம்பிகளை மடக்கவும் முடிகிறதா என்று உங்கள் கையால் செய்து பாருங்கள். முடிந்தால் வீட்டிலிருக்கும் பெரிய கடாயையே கையோடு கொண்டு போங்கள், சிரித்தால் சிரிக்கட்டும். இந்தியச் சந்தையில் சில இயந்திரங்களுக்குக் கடாய்க்கென்றே தனிப் புரோகிராம் வந்துவிட்டது. நம் கடைகளில் 65, 70 பாகை வரை போகும் தீவிரப் புரோகிராம் இருந்தால் போதும்.

மூன்றாவது, தண்ணீர் அழுத்தம். பல இயந்திரங்களுக்குக் குறைந்தது 0.5 பார் அழுத்தம் வேண்டும். அதாவது தண்ணீர்த் தொட்டி ஐந்து மீட்டர் உயரத்திலாவது இருக்க வேண்டும். ஒரு மாடி வீட்டின் கூரைத் தொட்டி அவ்வளவு உயரத்தில் இருக்காது. நம் வீடுகளில் சமையலறைக் குழாய்க்குப் பெரும்பாலும் தெருக் குழாயிலிருந்து நேராகத் தண்ணீர் வரும். இயந்திரத்தையும் அந்த இணைப்பில்தான் மாட்ட வேண்டும். மின்சாரத்துக்குத் தனி 13 ஆம்பியர் பிளக் வையுங்கள். நீட்டிப்பு வயரில் மாட்டவே கூடாது. தண்ணீரைச் சூடாக்கும் சாதனம் இது.

நான்காவது, உப்பு. ஆற்றுநீரும் அணைநீரும் குழாயில் வரும் நம் பகுதிகளில் தண்ணீர் மென்மையானது. தண்ணீரின் கடினத்துக்கேற்ப இயந்திரத்தை அமைக்கும் இடத்தில் குறைந்த எண்ணை வைத்தால் உப்புச் செலவு மிகக் குறைவு. சென்னையில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஓட்டும் உறவினர் "உப்பு போடாட்டி தட்டெல்லாம் வெள்ளை படியும்" என்று சொன்னால், அது அவர் ஊர்த் தண்ணீரின் கதை.

எவர்சில்வர் போகும், தோசைக்கல் போகாது

நம் சமையலறையில் எதை உள்ளே வைக்கலாம் என்பதுதான் அம்மாக்கள் கேட்கும் முதல் கேள்வி. எவர்சில்வர், பீங்கான், சாதாரணக் கண்ணாடி தாராளமாகப் போகலாம். பிளாஸ்டிக் டப்பாவை மேல் தட்டில் மட்டும் வையுங்கள். அலுமினியக் குண்டானும் அலுமினியக் குக்கரும் மருந்தின் காரத்தில் கறுத்துவிடும். இரும்புத் தோசைக்கல் எண்ணெய்ப் பதம் போய்த் துருப்பிடிக்கும். பித்தளைக் குத்துவிளக்கு, செம்புப் பாத்திரம், மண்சட்டி, மர அகப்பை, நல்ல கத்தி எதுவும் வேண்டாம்.

மஞ்சள் கறை இன்னொரு புகார். மஞ்சளின் நிறம் எண்ணெயில் கரைவது. பிளாஸ்டிக்குக்குள் ஊறிவிட்டால் எந்த இயந்திரமும் முழுதாக எடுக்காது. அந்த டப்பாவை ஒரு நாள் வெயிலில் காய வையுங்கள், வெளுத்துவிடும். பிளாஸ்டிக் மட்டும் ஈரமாக வெளியே வருவதும் பழுதல்ல. பீங்கானும் எஃகும் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு தாமாக உலர்கின்றன. பிளாஸ்டிக்குக்கு அது முடியாது. வேலை முடிந்ததும் கதவைத் தானே திறந்துவிடும் வகை, நம் ஊர் ஈரக் காற்றுக்கு உதவும்.

பழைய இயந்திரத்தைப் 'பேப்பர் லாமா' லோரியில் ஏற்றிவிடாமல், புதியதைக் கொண்டுவரும் கடைக்காரரிடமே எடுத்துக்கொள்வாரா என்று கேளுங்கள். அல்லது மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். உள்ளே மின்சுற்றுப் பலகை இருக்கிறது. அது சாதாரணக் குப்பை அல்ல.

பொத்தானை அழுத்துவது யார்?

ரந்தாவ் வீட்டில் புதிய இயந்திரம் வந்த முதல் வாரம் அம்மா அதற்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "ஓடுதா இல்லையான்னே தெரியல" என்று கதவில் காது வைத்துப் பார்த்தார். முதல் நாள் எல்லாத் தட்டுகளையும் முன்பே கழுவித்தான் உள்ளே வைத்தார். மூன்றாம் நாள், மீன் குழம்பு காய்ந்திருந்த தட்டு ஒன்றை அப்பா அப்படியே உள்ளே வைத்துவிட்டார். மறுநாள் காலை அது சுத்தமாக வெளியே வந்தது. "ஏங்க, பரவாயில்லையே" என்றார் அம்மா. அன்று முதல் அடுக்கும் வேலை அப்பாவுடையது. தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் சாமான்களை ஒழுங்காக அடுக்கிப் பழகிய மனிதர். பெரிய தட்டு கீழே, கிண்ணம் மேலே, வாய் கவிழ்ந்து, சாய்ந்து என்று அவருக்கே ஒரு முறை வந்துவிட்டது. அம்மா வைத்ததை எடுத்து மாற்றி வைக்கிறார். அதில் தினமும் ஒரு சின்னச் சண்டை. அம்மாவின் விரல்கள் முழுதாக ஆறவில்லை, ஆனால் வெடிப்பு குறைந்திருக்கிறது. கடாயையும் தோசைக்கல்லையும் இன்னும் அவர் கையால்தான் கழுவுகிறார்.

இயந்திரம் வந்தால் வேலை தீர்ந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். வழிப்பது, அடுக்குவது, வடிகட்டியைக் கழுவுவது, காலையில் எடுத்து அலமாரியில் வைப்பது எல்லாம் மனிதர் வேலைதான். அதுவும் அம்மா தலையிலேயே விழுந்தால், ஒரு வேலைக்குப் பதில் நான்கு சின்ன வேலைகளை வாங்கிக் கொடுத்தவர்கள் ஆவோம்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். இரவு அடுக்குவது யார், வாரம் ஒரு முறை வடிகட்டியைக் கழற்றுவது யார், காலையில் காலி செய்வது யார்? மூன்று பெயர்களை எழுதிக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். மூன்றும் ஒரே பெயராக இருந்தால், இயந்திரம் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டு, இன்னொரு முறை பேசுங்கள்.